வீட்டிலேயே ஹேர் சீரம்: முடி மிருதுவாகவும் வழவழப்பாகவும் இருக்க – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சீரம் செய்வதைப் பற்றி வரும் கேள்விகளில் பாதிக்கு மேல் "எந்த எண்ணெய் சிறந்தது?" என்ற ஒரே கேள்வியைத்தான் வேறு வேறு விதமாகக் கேட்கின்றன. எண்ணெயின் பெயரைவிட முக்கியமான விஷயங்கள் இரண்டு உண்டு. ஒன்று, முடிமேல் அது எவ்வளவு மெல்லிசாகப் பரவுகிறது என்பது. இன்னொன்று, பாட்டிலுக்குள் தண்ணீர் இருக்கிறதா இல்லையா என்பது. கீழே உள்ள பதில்கள் பெரும்பாலும் இந்த இரண்டையும் சுற்றித்தான் வரும்.

சீரம் என்றால் என்ன? தலைக்கு வைக்கும் எண்ணெயும் அதுவும் ஒன்றா?

இல்லை. எண்ணெயைத் தேய்த்து ஊறவைத்து, பிறகு ஷாம்பூ போட்டு அலசிவிடுகிறோம். சீரத்தை அலசுவதில்லை. குளித்த ஈரம் காய்வதற்குள் சில சொட்டு தடவினால், அடுத்த முறை தலை அலசும் வரை முடியிலேயே இருக்கும். அப்படி நாள் கணக்கில் இருக்கப் போகிற பொருள் பிசுபிசுக்கக் கூடாது, தூசியை இழுக்கக் கூடாது, தலையணை உறையில் கறை விடக் கூடாது. அதனால்தான் சீரத்தில் கெட்டியான எண்ணெய்களைக் குறைத்து, சட்டென்று பரவும் லேசான திரவங்களை அதிகமாகச் சேர்க்கிறோம்.

முடி ஏன் சொரசொரப்பாகிறது? சீரம் அங்கே என்ன செய்கிறது?

ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். சீப்பில் உதிர்ந்து கிடக்கும் முடி ஒன்றை எடுத்து, வேர்ப்பக்கத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறுகையின் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே நுனிவரை இழுங்கள். வழுக்கிக்கொண்டு போகும். இப்போது நுனியிலிருந்து வேர்ப்பக்கமாக இழுங்கள். விரல் தடுக்கும், சில முடிகளில் மெல்லிய கீச்சுச் சத்தம்கூடக் கேட்கும்.

முடியின் வெளிப்புறம் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய செதில்களால் ஆனது. கூரை ஓடு வேய்ந்த மாதிரி, வேரிலிருந்து நுனி நோக்கிச் சரிந்திருக்கும். பொதுவாக ஆறு முதல் பத்து அடுக்கு வரை இருக்கும், ஒவ்வொரு செதிலும் ஏறக்குறைய அரை மைக்ரான் தடிமன் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). இந்தச் செதில்களின் மேல் இயற்கையாகவே மிக மெல்லிய ஒரு கொழுப்புப் படலம் ஒட்டியிருக்கிறது. புது முடி தண்ணீரை உதறித் தள்ளுவதும், சீப்பு தடங்கலில்லாமல் இறங்குவதும் அதனால்தான். ப்ளீச், காரத்தன்மையுள்ள சாயம், சுருட்டவோ நேராக்கவோ செய்யும் ரசாயனங்கள் எல்லாம் அந்தப் படலத்தை உரித்துவிடும். தினசரி சீவுதலும் வெயிலும் சூடும் செதில்களின் ஓரத்தைச் சிதைக்கும். செதில் தூக்கிக்கொண்ட முடி பக்கத்து முடியோடு உரசி மாட்டிக்கொள்வதைத்தான் சிக்கு என்கிறோம்.

முடி உயிருள்ள திசு அல்ல. மாதத்துக்குச் சுமார் 1 செ.மீ. வளர்கிறது என்றால், 40 செ.மீ. நீளக் கூந்தலின் நுனிக்கு மூன்று வயதுக்கு மேல். மூன்று வருட வெயிலும் சீப்பும் பட்ட பகுதி அது, தானாக ஆறாது. சீரம் அதைக் குணப்படுத்தாது. உரிந்துபோன படலத்துக்குப் பதிலாகத் தற்காலிகமாக ஒரு படலத்தைப் போட்டு உராய்வைக் குறைக்கும், அவ்வளவுதான். ஆனால் அந்த "அவ்வளவுதான்" சின்ன விஷயமில்லை. உராய்வு குறைந்தால் சிக்கெடுக்கும்போது முடி அறுவது குறையும், நுனி பிளப்பதும் தள்ளிப்போகும்.

மேலே சொன்ன விரல் சோதனையை ஒரு துளி சீரம் தடவிவிட்டு மறுபடி செய்யுங்கள். நுனியிலிருந்து வேருக்கு இழுக்கும்போது தடுக்குவது குறைந்திருந்தால் உங்கள் கலவை வேலை செய்கிறது.

அப்படியானால் கண்டிஷனர் வேண்டாமா?

வேண்டும். கண்டிஷனரில் நேர்மின்னூட்டமுள்ள மூலக்கூறுகள் இருக்கும். ஈர முடியின் மேற்பரப்பு எதிர்மின்னூட்டத்தோடு இருக்கும், சேதமான இடங்களில் அது இன்னும் அதிகம். அதனால் கண்டிஷனர் சேதமான இடமாகப் பார்த்துப் போய் ஒட்டிக்கொள்ளும். எண்ணெய்ச் சீரத்துக்கு அந்தத் திறமை கிடையாது. கண்டிஷனர் போட்டு அலசிய முடிமேல் சீரம் பூசுவதுதான் சரியான வரிசை.

சிலிகான் கெட்டது என்கிறார்களே?

சிலிகான் என்பது செயற்கையாகத் தயாரிக்கும் வழுக்கும் பொருள். அது முடிக்குக் கெட்டது என்பதற்கு ஆதாரம் இல்லை. "முடியை மூச்சுவிட விடாது" என்று சொல்வார்கள். முடி மூச்சு விடுவதே இல்லை. கடைகளில் கிடைக்கும் பெரும்பாலான வழவழப்புச் சீரங்கள் இரண்டு சிலிகான்களின் கூட்டுதான்: சைக்ளோபென்டாசிலாக்ஸேன் என்ற ஆவியாகும் திரவம் பெரும்பகுதி, அதில் கரைந்த டைமெத்திகானால் அல்லது டைமெத்திகோன் கொஞ்சம். முதலாவது பரப்பிவிட்டு ஆவியாகிவிடும், இரண்டாவது படலமாகத் தங்கும். உணர்வில் இதற்கு ஈடான இயற்கை எண்ணெய் இல்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

மாற்றுக் கருத்து வருவது சுற்றுச்சூழல் பக்கமிருந்து. சைக்ளோபென்டாசிலாக்ஸேன் இயற்கையில் எளிதில் சிதையாமல் நீண்ட நாள் தங்குவதால், ஐரோப்பிய ஒன்றியம் 2020 ஜனவரி 31 முதல் அலசிவிடும் பொருட்களில் அதை 0.1 சதவீதத்துக்குக் கீழே கட்டுப்படுத்தியது. 2024-ல் வந்த அடுத்த விதி, சீரம் போன்ற அலசாத பொருட்களுக்கும் 2027 ஜூன் முதல் அதே வரம்பை விதிக்கிறது. அதனால் சிலிகானைத் தவிர்க்க நினைப்பவர்களுக்கு நியாயமான காரணம் உண்டு. அந்தக் காரணம் முடி அல்ல, சுற்றுச்சூழல். இரண்டு வகைச் செய்முறையும் கீழே தருகிறேன்.

சிலிகான் இல்லாத சீரம்: அளவுகள் என்ன?

30 கிராம் பாட்டில் ஒன்றுக்கு:

ஸ்குவாலேன் – 15 கிராம்
உறையாத தேங்காய் எண்ணெய் – 9 கிராம்
ஆர்கன் எண்ணெய் – 4.5 கிராம்
பிராக்கோலி விதை எண்ணெய் – 1.35 கிராம்
வைட்டமின் ஈ – 0.15 கிராம்

ஒவ்வொன்றும் ஏன் என்று சொல்லிவிடுகிறேன். காரணம் தெரிந்தால்தான் கைவசம் உள்ளதை வைத்து மாற்ற முடியும்.

ஸ்குவாலேன்தான் இதன் முதுகெலும்பு. லேசாகப் பரவும், வாசனை இல்லை, எளிதில் கெட்டு வாடை அடிக்காது. ஆலிவிலிருந்தும் கரும்புச் சர்க்கரையிலிருந்தும் எடுக்கிறார்கள். லேபிளில் ஸ்குவாலீன் என்று போட்டிருந்தால் அது வேறு பொருள், காற்றுப்பட்டால் சீக்கிரம் கெடும், அதை வாங்க வேண்டாம். உறையாத தேங்காய் எண்ணெய் என்பது ஃபிராக்‌ஷனேட்டட் தேங்காய் எண்ணெய் என்ற பெயரில் விற்பது. நீளமான கொழுப்பு அமிலங்களைப் பிரித்தெடுத்துவிட்டதால் குளிரிலும் திரவமாகவே இருக்கும். ஆர்கன் மரக் கொட்டையிலிருந்து எடுக்கும் எண்ணெய் கொஞ்சம் கனம், நுனிகளில் தங்கும் படலத்துக்காகச் சேர்க்கிறோம். பிராக்கோலி விதை எண்ணெயில் எரூசிக் அமிலம் என்ற நீளச் சங்கிலிக் கொழுப்பு அதிகம். கையில் தொட்டால் கிட்டத்தட்ட சிலிகான் மாதிரி வழுக்கும். ஆனால் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் பாட்டிலைத் திறக்க வேண்டும், வேகவைத்த முட்டைக்கோஸ் வாடை. 5 சதவீதத்துக்குள் வைத்தால் கலவையில் தெரியாது.

பிராக்கோலி எண்ணெய் கிடைக்காவிட்டால் அந்த அளவுக்கு ஸ்குவாலேனையே கூட்டிக்கொள்ளலாம். ஆர்கனுக்குப் பதில் ஜோஜோபா போடலாம். அது எண்ணெய் என்று அழைக்கப்பட்டாலும் உண்மையில் திரவ மெழுகு, கெடாமல் நீண்ட நாள் நிற்கும்.

செய்வது ஐந்து நிமிட வேலை. உலர்ந்த கண்ணாடிக் குவளையைத் தராசில் வைத்து, பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவந்து, ஒவ்வொன்றாக நிறுத்து ஊற்றுங்கள். சூடாக்க வேண்டாம். கலக்கும்போது திரவத்துக்குள் மெல்லிய இழைகள் நெளிவது போலத் தெரியும், அடர்த்தி வேறான எண்ணெய்கள் ஒன்றுக்குள் ஒன்று இறங்குகின்றன. அந்த இழைகள் மறைந்து ஒரே தெளிவாக வந்ததும் பாட்டிலில் ஊற்றலாம்.

சிலிகான் சேர்த்த சீரம்?

மறுபடியும் 30 கிராமுக்கு: சைக்ளோபென்டாசிலாக்ஸேன் 18 கிராம், டைமெத்திகானால் கலவை 10.5 கிராம், ஆர்கன் எண்ணெய் 1.2 கிராம், வைட்டமின் ஈ 0.15 கிராம், வாசனை 0.15 கிராம். டைமெத்திகானால் தனியாக வந்தால் பசைபோல இருக்கும், கையாள முடியாது. ஏற்கெனவே சைக்ளோபென்டாசிலாக்ஸேனில் கரைத்து, தேன் பதத்தில் விற்பார்கள். அதைத்தான் கலவை என்கிறேன்.

கெட்டியான கலவையை முதலில் ஊற்றி, மெல்லிய திரவத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக் கலக்குங்கள். ஒரே மூச்சில் ஊற்றினால் அடியில் கட்டியாக உட்கார்ந்து அடம்பிடிக்கும். ஆர்கனைக் கடைசியில் சேருங்கள். கலங்கல் தட்டினால் அதன் அளவைக் குறையுங்கள். எல்லா எண்ணெயும் சிலிகானோடு ஒத்துப்போகாது. விளக்கெண்ணெய் ஒத்தே போகாது, தனியாகப் பிரிந்து நிற்கும்.

துல்லியமான தராசு அவசியமா? ஸ்பூன் கணக்கு போதாதா?

எண்ணெய்கள் வரை ஸ்பூன் கணக்குப் பரவாயில்லை. வாசனை எண்ணெய், வைட்டமின் ஈ, பதப்படுத்தி (கிருமி வளராமல் தடுக்கும் பொருள்) போன்றவற்றுக்குப் போதாது. 0.01 கிராம் வரை காட்டும் சின்னத் தராசு வாங்கிவிடுங்கள். சொட்டு என்பது பாட்டிலின் வாயைப் பொறுத்தும், திரவத்தின் கெட்டித்தன்மையைப் பொறுத்தும் மாறும்.

என்னிடம் தேங்காய் எண்ணெயும் விளக்கெண்ணெயும்தான் இருக்கின்றன. அதை வைத்துச் செய்யலாமா?

தேங்காய் எண்ணெய்க்கு ஒரு தனிச்சிறப்பு உண்டு. அதில் அதிகமாக உள்ள லாரிக் அமிலம் நேரான, குட்டையான சங்கிலி என்பதால் முடிக்குள்ளேயே ஊடுருவுகிறது. தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், மினரல் ஆயில் மூன்றையும் ஒப்பிட்டு 2003-ல் வெளிவந்த ஆய்வில், முடியிலிருந்து புரதம் இழக்கப்படுவதைக் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டும்தான். ஆனால் அந்த நன்மை தலை அலசுவதற்கு முன்னால் பூசும்போது நன்றாகக் கிடைக்கும். சீரமாகப் பூசினால் கனமாக உட்காரும், 24 டிகிரிக்குக் கீழே உறையவும் செய்யும். அலசுவதற்கு முன் தேங்காய் எண்ணெய், அலசிய பின் சீரம் என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

விளக்கெண்ணெயைச் சீரத்துக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். ரிசினோலிக் அமிலம் நிறைந்த, ஒட்டும் தன்மையுள்ள எண்ணெய் அது. பளபளப்பு தரும், உண்மை. ஆனால் வழவழப்பு என்பது முடிகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் நழுவுவது, விளக்கெண்ணெய் ஒட்டவைக்கும். பளபளப்புக்காகச் சேர்த்தே ஆக வேண்டும் என்றால் சிலிகான் இல்லாத செய்முறையில் 2 சதவீதம், அதற்குமேல் வேண்டாம்.

கற்றாழை ஜெல்லோ ஆளிவிதை ஜெல்லோ சேர்த்துச் செய்யும் முறைகள் நிறைய இருக்கின்றனவே. ஏன் இங்கே இல்லை?

தண்ணீர்தான் காரணம். எண்ணெய் மட்டும் உள்ள பாட்டிலில் பாக்டீரியாவும் பூஞ்சையும் வளர வழியில்லை. ஒரு ஸ்பூன் கற்றாழைச் சோற்றைச் சேர்த்த நொடியில் அந்தப் பாதுகாப்பு போய்விடும். செடியின் சாறு, சர்க்கரை, தண்ணீர் மூன்றும் சேர்ந்தால் நுண்ணுயிர்களுக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. கெட்டது கண்ணுக்குத் தெரியும் முன்பே, மணம் மாறும் முன்பே, எண்ணிக்கை பெருகியிருக்கும். அப்புறம் அதைக் கையில் எடுத்து நெற்றிக்கும் கண்ணுக்கும் அருகில் தடவுகிறோம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஜெல்லும் எண்ணெயும் கலக்காது. குலுக்கினால் சற்றுநேரம் பால்போல இருக்கும், பிறகு பிரியும். நிரந்தரமாகச் சேர்த்துவைக்கப் பால்மமாக்கி (எண்ணெயையும் நீரையும் பிரியாமல் இணைக்கும் பொருள்) வேண்டும், கூடவே பதப்படுத்தியும் வேண்டும். அது வேறு வகைத் தயாரிப்பு, கிரீம் செய்வதற்குச் சமம்.

ஆளிவிதை ஜெல் உங்களுக்குப் பிடிக்கும் என்றால் தனியாக, சிறிய அளவில் காய்ச்சி, வடிகட்டி, ஃபிரிட்ஜில் வைத்து ஒரு வாரத்துக்குள் தீர்த்துவிடுங்கள். சுருள் முடிக்கு அது நல்ல பிடிப்புத் தரும். ஜெல் பூசிக் காய்ந்தபின், மேலே இரண்டு சொட்டு எண்ணெய்ச் சீரம் தடவி விறைப்பை உடைக்கலாம். ஆளிவிதை எண்ணெயைச் சீரத்தில் சேர்ப்பது மட்டும் வேண்டவே வேண்டாம். காற்றுப்பட்டால் இறுகிப் படலமாகும் எண்ணெய் அது, ஓவியர்கள் வண்ணத்தில் கலப்பது அதனால்தான். அதில் நனைந்த துணியைச் சுருட்டிக் குவித்து வைத்தால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடும்.

வைட்டமின் ஈ சேர்த்தால் கெடாது என்கிறார்களே?

பாதி உண்மை. எண்ணெய் காற்றோடு வினைபுரிந்து கெட்டு வாடை அடிப்பதை அது தள்ளிப்போடும். கிருமிகளை ஒன்றும் செய்யாது. தண்ணீர் உள்ள கலவைக்கு வைட்டமின் ஈ பதப்படுத்தி ஆகாது.

அதிலும் வடிவம் முக்கியம். பாட்டிலுக்குள் எண்ணெயைக் காப்பது டோகோஃபெரால். பல கேப்ஸ்யூல்களில் இருப்பது டோகோஃபெரில் அசிடேட், அது பாட்டிலுக்குள் இந்த வேலையைச் செய்வதில்லை. கேப்ஸ்யூலை ஊசியால் குத்திப் பிழிவதற்கு முன் லேபிளைப் படியுங்கள். அரை சதவீதம் போதும். அதிகம் ஊற்றினால் சீரம் ஒட்ட ஆரம்பிக்கும், வேறு லாபம் இல்லை.

கிளிசரின் சேர்க்கலாமா?

எண்ணெய்ச் சீரத்தில் கரையாது. அதனால் இங்கே இடமில்லை. தண்ணீரில் கலந்து தனியாகத் தெளித்துக்கொள்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: காற்றில் ஈரப்பதம் மிக அதிகமாக இருந்தால் கிளிசரின் அதை இழுத்து முடியை ஊதவைத்துப் பறக்கவிடும், மிகவும் வறண்ட காற்றில் சொரசொரப்பைக் கூட்டும்.

வாசனைக்கு எசென்ஷியல் ஆயில் எவ்வளவு சேர்க்கலாம்?

அரை சதவீதம். அதாவது 30 கிராமுக்கு 0.15 கிராம், ஏறக்குறைய 4 முதல் 6 சொட்டு. முடியிலேயே தங்கி, கழுத்திலும் நெற்றியிலும் படும் பொருள் என்பதால் குறைவாக வைப்பதே நல்லது. இலவங்கப்பட்டை, கிராம்பு எண்ணெய்களைத் தவிர்த்துவிடுங்கள், தோலை எரிச்சலூட்டும். பெர்கமோட் போன்ற சிட்ரஸ் எண்ணெய்கள் தோலில் பட்டு வெயில் விழுந்தால் கொப்புளம் வரக்கூடும். லாவெண்டர்கூடப் பழசாகிக் காற்றுப்பட்டுவிட்டால் ஒவ்வாமை தரும்.

புதுக் கலவையை முதலில் முழங்கையின் உள்பக்கம் ஒரு துளி தடவி 48 மணி நேரம் பாருங்கள். பாதாம் போன்ற கொட்டைகளுக்கு ஒவ்வாமை உள்ளவர்கள் ஆர்கன், பாதாம் எண்ணெய்கள் விஷயத்தில் மருத்துவரைக் கேட்டுக்கொள்வது நல்லது.

எலுமிச்சைச் சாறு, சமையல் சோடா?

இரண்டும் வேண்டாம். ஒன்று தோலை வெயிலுக்குப் பலிகொடுக்கும், மற்றொன்று காரத்தன்மையால் செதில்களைத் தூக்கிவிடும்.

எவ்வளவு பூசுவது? எப்படிப் பூசுவது?

பெரும்பாலானோர் தேவைக்கு மூன்று நான்கு மடங்கு பூசுகிறார்கள். ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். தலையில் சுமார் ஒரு லட்சம் முடி, ஒவ்வொன்றும் 30 செ.மீ. நீளம், 70 மைக்ரான் தடிமன் என்று வைத்துக்கொண்டால் மொத்த மேற்பரப்பு ஆறரை சதுர மீட்டருக்குக் கொஞ்சம் மேலே வரும். அதன்மேல் அரை மில்லி சீரத்தைச் சமமாகப் பரப்பினால் படலத்தின் தடிமன் 0.1 மைக்ரானைக்கூடத் தொடாது. ஒரு செதிலின் தடிமனில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. உராய்வைக் குறைக்க அதுவே தாராளம். அரை மில்லி என்றால் டிராப்பரில் ஏறக்குறைய 10 முதல் 15 சொட்டு. அதையும் வேரிலிருந்து பூசுவதில்லை, பாதி நீளத்திலிருந்துதான். ஆகவே தோள்வரை முடிக்கு 4 அல்லது 5 சொட்டு, இடுப்புவரை என்றால் 8 முதல் 10, குட்டை முடிக்கு இரண்டு.

கஷ்டம் அளவில் இல்லை, அதைச் சமமாகப் பரப்புவதில்தான். துண்டால் ஒற்றி, சொட்டாத அளவு ஈரமாக இருக்கும்போது ஆரம்பியுங்கள். சொட்டுகளை உள்ளங்கையில் விட்டு இரண்டு கையையும் நன்றாகத் தேய்த்து, விரல் இடுக்குகள் வரை பளபளப்பு வந்ததும், முதலில் நுனிகளைப் பிடித்துக் கசக்குங்கள். பிறகு காதுக்குக் கீழிருந்து நுனிவரை விரல்களைச் சீப்பாக்கி இழுங்கள். உள்ளே மறைந்திருக்கும் பின்கழுத்து முடிதான் அதிகம் சிக்காகும், அதை எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். தலையைக் குனிந்து அங்கேயும் ஒரு முறை விரலை ஓட்டுங்கள். கடைசியில் அகலப்பல் சீப்பால் ஒருமுறை சீவினால் சீரம் சமமாகப் பரவிவிடும். கையில் மிச்சமிருப்பதை முன்நெற்றியில் பறக்கும் குட்டி முடிகள்மேல் லேசாகத் தடவிக்கொள்ளலாம்.

ஸ்ப்ரே பாட்டிலில் மட்டும் ஊற்றாதீர்கள். எண்ணெயையும் சிலிகானையும் நுண்துளிகளாக மூச்சில் இழுப்பது நுரையீரலுக்கு நல்லதில்லை.

பூசியபின் முடி எண்ணெய் வழிவதுபோலத் தொங்குகிறது. என்ன செய்வது?

இன்றைக்கு ஷாம்பூ போட்டு அலசுவதைத் தவிர வழியில்லை. அடுத்த முறை பாதியாகக் குறையுங்கள். குறைத்தும் அப்படியே இருந்தால் கலவை கனம். ஒரு சொட்டை வெள்ளைத் தாளில் வைத்துப் பாருங்கள், சில நிமிடத்தில் அகலமாகப் பரவினால் லேசு, குமிழாகவே நின்றால் கனம். ஆர்கனைக் குறைத்து ஸ்குவாலேனைக் கூட்டுங்கள். மெல்லிய முடி உள்ளவர்கள் ஆர்கனை 5 சதவீதத்துக்குக் கொண்டுவந்துவிடலாம். அடர்த்தியான சுருள் முடிக்கு நேர்மாறு: அங்கே தலைத்தோலின் இயற்கை எண்ணெய் வளைவுகளைத் தாண்டி நுனிக்குப் போய்ச் சேருவதில்லை, 25 சதவீதம் ஆர்கன்கூடத் தாங்கும்.

ஸ்ட்ரெய்ட்னர், டிரையருக்கு முன் இதைப் பூசினால் முடி கருகாதா?

கருகாது என்று நம்பிக் கருவியின் சூட்டைக் கூட்டாதீர்கள். சிலிகான் படலம் சூடு பரவுவதைக் கொஞ்சம் மந்தப்படுத்தும், எண்ணெய்ச் சீரம் அந்த அளவுக்குச் செய்யாது. இரண்டுமே கவசம் அல்ல. பெரிய ஆபத்து ஈர முடியில் சூடான தகட்டை வைப்பது. முடிக்குள் இருக்கும் தண்ணீர் நீராவியாகி வெளியேற வழியின்றி உள்ளேயே குமிழிகளை உண்டாக்கும், அந்த இடத்தில் முடி முறியும். முழுவதும் காயவையுங்கள். சிலிகான் சீரம் பூசியிருந்தால் அது ஆவியாகவும் நேரம் கொடுங்கள், சைக்ளோபென்டாசிலாக்ஸேன் எரியக்கூடிய திரவம். எண்ணெய்ச் சீரத்தை இஸ்திரிக்குப் பிறகு ஓரிரு சொட்டு பூசுவதே நல்லது.

பொடுகு இருக்கிறது. சீரம் பூசலாமா?

முடியின் கீழ்ப்பாதியில் தாராளமாக. தலைத்தோலில் வேண்டாம். பொடுகுக்குத் தொடர்புடைய மலசீசியா என்ற பூஞ்சை கொழுப்பு அமிலங்களைத் தின்று வளர்வது, குறிப்பாக 11 முதல் 24 கார்பன் வரை நீளமுள்ளவற்றை. ஆர்கன், ஆலிவ், பாதாம் எல்லாமே அதற்குத் தீனி. ஸ்குவாலேனும் உறையாத தேங்காய் எண்ணெயும் அந்த வரம்புக்குள் வராது, அதனால் பொடுகுக்காரர்கள் அந்த இரண்டையும் மட்டும் பாதிக்குப் பாதி கலந்துகொள்ளலாம். நெற்றியில் சின்னச் சின்னப் பருக்கள் வந்தாலும் இதே மாற்றத்தைச் செய்து பாருங்கள். படுக்கும்போது முடியை முகத்தில் படாமல் கட்டிக்கொள்வதும் உதவும்.

இதனால் முடி வளருமா? உதிர்வது நிற்குமா?

இல்லை. வளர்ச்சி தலைத்தோலுக்குள் இருக்கும் வேர்க்காலில் நடக்கிறது, நாம் பூசுவது அதிலிருந்து ஒரு சாண் தள்ளி. சீவும்போது நடுவில் அறுந்து விழுவது குறையும். அதைப் பார்த்து உதிர்வு நின்றதாக நினைப்பவர்கள் உண்டு. விழுந்த முடியின் ஒரு முனையில் வெள்ளையாகக் குமிழ் இருந்தால் வேரோடு உதிர்ந்தது, இரண்டு முனையும் ஒரே மாதிரி இருந்தால் அறுந்தது. குமிழுள்ளவை திடீரென்று அதிகமானால் சீரத்தை நம்பிக் காத்திருக்காமல் தோல் மருத்துவரைப் பாருங்கள்.

பிளந்த நுனி ஒட்டுமா?

சில மணி நேரம் ஒட்டியதுபோலத் தெரியும். கத்தரிக்கோல்தான் தீர்வு.

எல்லாம் சரியாகச் செய்தும் முடி நார் மாதிரியே இருக்கிறது. ஏன்?

தண்ணீரைச் சந்தேகியுங்கள். கடினநீரில் உள்ள கால்சியமும் மெக்னீசியமும் முடிமேல் படியும். சேதமான முடியில் இன்னும் அதிகம் படியும். அந்தப் படிவின்மேல் எவ்வளவு நல்ல சீரம் பூசினாலும் தூசிமேல் மெருகு போட்ட கதைதான். உலோக அயனிகளைப் பிடித்து அகற்றும் கீலேட்டிங் ஷாம்பூ என்று ஒரு வகை இருக்கிறது. லேபிளில் ஈ.டி.டி.ஏ. அல்லது பைட்டிக் அமிலம் என்று தேடுங்கள். மாதம் ஓரிரு முறை அதைப் போட்டு, கண்டிஷனர் போட்டு, பிறகு சீரம் பூசிப் பாருங்கள். சிலிகான் சீரம் பூசுபவர்களும் வாரம் ஒருமுறையாவது நன்றாக நுரைக்கும் ஷாம்பூ போட்டால் படலம் சேர்ந்துகொண்டே போகாது.

எத்தனை நாள் வைத்திருக்கலாம்?

தண்ணீர் படாமல், இருண்ட நிறக் கண்ணாடி பாட்டிலில், வெயில் படாத இடத்தில் வைத்தால் ஆறு மாதம். குளியலறை அலமாரி அதற்குச் சரியான இடமில்லை. டிராப்பர் முனையை ஈர முடியில் தொடாதீர்கள், ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே போனாலும் மேலே சொன்ன தண்ணீர்க் கதை ஆரம்பமாகிவிடும். பம்ப் பாட்டில் என்றால் அந்தத் தொல்லை இல்லை. பழைய மெழுகு அல்லது பெயிண்ட் வாடை அடித்தால், கலங்கினால், தூக்கிப் போடுங்கள். பாட்டிலில் செய்த தேதியை எழுதி ஒட்டிவையுங்கள், நினைவில் இருக்கும் என்று நம்ப வேண்டாம்.

சிந்திவிட்டால்?

முதலில் தண்ணீர் ஊற்றாதீர்கள், வழுக்கல் பரவும். காய்ந்த காகிதத்தால் ஒற்றி எடுத்துவிட்டு, பாத்திரம் கழுவும் திரவத்தை நீர் சேர்க்காமல் தேய்த்து, பிறகு துடைத்தெடுங்கள். சிலிகான் சீரம் என்றால் இரண்டு முறை. டைல்ஸ் தரையில் ஒரு சொட்டுகூட ஆளைக் கீழே தள்ளும், அதனால் கலக்கும் வேலையை மேசையில் ஒரு தட்டு வைத்து அதன்மேல் செய்யுங்கள்.